ஸ்டெல்லா கேட்ட மிதவைப் படகு

1

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு என்ன வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். பதில் எனக்கே தெரியும் என்ற நினைப்பில்தான் கேட்டேன். ஜனவரியில் சென்னை போக டிக்கெட் எடுத்தாயிற்று. தி. நகரில் ஒரு நகைக்கடைக்குப் போவோம், நான்கு மாடி ஏறி இறங்குவோம், தரைத்தளத்தில் முதலில் பார்த்ததையே வாங்குவோம், கடையில் கொடுக்கும் துணிப்பையில் அடுத்த சில வருடங்களுக்குக் காய்கறி வாங்குவோம். நடைமுறை இதுதான்.

ஸ்டெல்லா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு போட்டு வாங்கிக் குடுப்பா," என்றாள். "நான் ஓட்டறதுக்கு."

நாங்கள் இருப்பது மினசோட்டாவில். அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மாநிலம்; தடுக்கி விழுந்தால் ஏரியில்தான் விழ வேண்டும். எங்கள் தெருமுனையிலும் ஓர் ஏரி இருக்கிறது. அதில் தெருக்காரர்களுக்குப் பொதுவான மரத்துறை ஒன்று உண்டு. கோடையில் அங்கே அக்கம்பக்கத்தாரின் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். பெரும்பாலானவை பான்டூன் என்று இங்கே சொல்லும் மிதவைப் படகுகள். நீளமான அலுமினியக் குழாய்கள் இரண்டு, அவற்றின் மேல் தட்டையான மேடை, சுற்றிலும் இடுப்புயரத் தடுப்பு, உள்ளே மெத்தை தைத்த சோஃபாக்கள், தலைக்கு மேல் துணிக்கூரை, பின்னால் மோட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தங்கள் வரவேற்பறையை மட்டும் பெயர்த்துத் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும்.

நான் ராயப்பேட்டைக்காரன். ஒரு தமிழ் நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது மருந்து டப்பாவுக்குள் மடித்து வைப்பார்களே, யாரும் படிக்காத காகிதம், அதில் பிழை திருத்துகிறேன். எங்களை இங்கே கொண்டுவந்தது ஸ்டெல்லாவின் நர்ஸ் வேலை. அவள் பிறந்தது மயிலாப்பூர்க் கடற்கரையில், நொச்சிக்குப்பத்தில். அப்பா அந்தோணி மீன் பிடித்தார்; அம்மா மீன் விற்றார். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வலையில் கிழிசல் பார்க்கத் தெரிந்த ஸ்டெல்லா, ஒரு முறைகூட அப்பாவின் படகில் ஏறியதில்லை. அவர்கள் கரையில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. கரைக்கு வந்த மீன் பெண்களுடையது, கடலுக்குப் போகும் படகு ஆண்களுடையது. யாரும் எழுதி வைத்த விதி இல்லை, மீறியவர்களும் இல்லை.

கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகு வாங்கியபோது அந்தோணி அதன் முகப்பில் மகளின் பெயரை எழுதினார். ஸ்டெல்லா என்ற பெயர் தினமும் விடியலில் கடலுக்குப் போய் வந்தது. ஸ்டெல்லா மணலில் நின்று பார்த்தாள். அப்பா போன பிறகு தம்பி ஆரோக்கியம் அந்தப் படகை ஓட்டுகிறான். பெயர் அதேதான். பெயிண்ட் மட்டும் அவ்வப்போது புதுசு.

இவையெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த தகவல்கள். அந்த மாலை வரை இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

2

டிசம்பரில் படகு வாங்கப் போவது இங்கே விசித்திரமில்லை. ஏரி உறைந்து சிமென்ட் தரை மாதிரி கிடக்கிறது. அதன் மேல் வண்டியை ஓட்டிப்போய், பனியில் துளை போட்டு, தூண்டிலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் நெடுஞ்சாலையோரக் கடையில் ஹீட்டர் போட்டு அடுத்த கோடைக்கான படகுகளை விற்கிறார்கள்.

விற்பனையாளர் பெயர் கிரெய்க். சிரித்த முகம். அவர் முதலில் கேட்டது எத்தனை பேர் வருவீர்கள் என்று. கேட்டது என்னிடம்.

இந்தக் கேள்வியில்தான் நான் வழுக்கினேன். தமிழ்ச் சங்கத்தில் நமக்கு வேண்டிய குடும்பங்கள் எத்தனை, ஊரிலிருந்து கோடையில் யார் யார் வரக்கூடும், புளிசாதப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். கிரெய்க் ஒரு படகின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினார். இத்தனை பேர், இத்தனை எடை, இத்தனை குதிரைத்திறன் வரை மோட்டார் என்று அச்சடித்திருந்தது. இந்தக் கணக்கில் மடியில் உட்காரும் குழந்தைகளும் சேர்த்தியா என்று கேட்டேன். அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். ராயப்பேட்டை ஷேர் ஆட்டோவில் வளர்ந்தவனுக்கு இருக்கை எண்ணிக்கை என்பது பேச்சுவார்த்தையின் தொடக்கம். அவருக்கு அது முடிவு.

அப்படியானால் பெரிதாகவே போங்கள் என்றார். இருபத்துநான்கு அடி நீளம். இரண்டுக்குப் பதில் மூன்று குழாய்கள். நூற்றைம்பது குதிரைத்திறன் மோட்டார். பின்பக்கம் சாய்ந்து வெயில் காய மெத்தை. நான் அதில் ஏறி உட்கார்ந்து, மனதில் பந்தியே போட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவைக் காணோம். தேடினால், கடைசி வரிசையில் ஒரு சின்னப் படகின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பின்னால் மோட்டார் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் படகைப் பற்றிச் சொன்னேன்.

"கல்யாண மண்டபம் கேக்கலப்பா நானு. போட்டு கேட்டேன்," என்றாள்.

பிறகு கிரெய்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் மட்டும் தனியாக இருக்கிறேன், காற்று பக்கவாட்டில் அடிக்கிறது, எந்தப் படகை என்னால் துறையில் கொண்டுவந்து கட்ட முடியும்? கிரெய்க் என்னைப் பார்த்து பதில் சொல்லத் தொடங்கினார். அவள் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்டாள். நோயாளியின் உறவினர்களிடம் பேசும் குரல் அது. இந்த முறை அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். மிதவைப் படகு தண்ணீரில் ஆழமாக உட்காராது. தடுப்பும் கூரையும் பாய்மரத்துப் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். படகு பெரிதானால் காற்றுக்குப் பிடிமானமும் பெரிது. தனி ஆள் என்றால் இருபது அடிக்கு மேல் வேண்டாம். ஆனால் மோட்டாரில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள், வேகம் வேண்டும், தொண்ணூறு போடுங்கள் என்றார்.

நல்ல மனிதர். பெரிய படகை விற்கும் வாய்ப்பை அவரே கெடுத்துக்கொண்டார்.

3

தொண்ணூறு என்ற எண் மறுநாளே நொச்சிக்குப்பம் போய்ச் சேர்ந்தது. எங்கள் காலை ஆரோக்கியத்துக்கு மாலை. லூப் சாலைப் பக்கம் மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன், போனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் சாய்த்து வைத்துப் பேசினான். சுற்றிலும் அவனுடைய ஆட்கள்.

"இன்னா மாமா, தொண்ணூறு குதிரையா? ஏரிய இழுத்துக்கினு ஊருக்கு வரப் போறியா?"

அவனுடைய மோட்டார் பத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதை வைத்துக்கொண்டு நாலு ஆட்கள், வலை, ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் அலையை உடைத்துக்கொண்டு போய் வருகிறான். ஏரியில் அலையே இல்லையே, பத்து தாராளம் என்பது அவன் கட்சி. மிதவைப் படகின் படத்தை அனுப்பினேன். படம் மணலில் கைமாறிப் போவது தெரிந்தது. முன்பக்கம் ஏன் சப்பையாக இருக்கிறது, இன்னும் முடிக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். சோஃபாவில் உப்புத் தண்ணி பட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவர். நல்ல தண்ணி ஏரி என்றேன். அப்போது மீன் ருசிக்காதே என்று அனுதாபப்பட்டார்கள்.

"அங்க தடைக்காலம் எப்ப மாமா?" என்று ஆரோக்கியம் கேட்டான். மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு கடலை மூடி வைக்கும் மாதங்களைத்தான் கேட்கிறான். நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஏரி தானாகவே மூடிக்கொள்ளும் என்றேன். நிவாரணம் உண்டா என்றான்.

இந்தப் பேச்சு முழுவதிலும் நான் கவனித்தது ஸ்டெல்லாவின் தமிழை. தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் அவள் பேசுவது இஸ்திரி போட்ட தமிழ். அங்கே மயிலாப்பூரிலிருந்து வந்த பெண்கள் 'எங்காத்துல' என்று சகஜமாகச் சொல்வார்கள்; அதே மயிலாப்பூரின் கடற்கரையிலிருந்து வந்த ஸ்டெல்லா 'எங்க வீட்டில்' என்று ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துச் சொல்வாள். படகு விஷயம் தொடங்கியதிலிருந்து 'இன்னா', 'கீது', 'வந்துக்கினு' எல்லாம் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டன. எங்கள் மகள் மீரா வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். போனில் இதைக் கேட்டுவிட்டு, அம்மா வேறு யாரோ மாதிரி பேசுகிறாள் என்றாள். படகைப் பற்றி அவள் கருத்து: "பான்டூனா? ரிட்டயர் ஆனவங்க வாங்குறது அது. என் ஃபிரெண்ட்ஸ் வரும்போது மட்டும் அதை எடுக்காதீங்க, ப்ளீஸ்."

4

ஜனவரியில் சென்னையில் வழக்கமான வேலைகள். ராஜா அண்ணாமலைபுரத்தில் என் தங்கை வீட்டில் தங்கல், வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று இரண்டு நடை, பல் மருத்துவர். தி. நகருக்குப் போகவில்லை. தங்கைக்கு அதில் எங்கள் குடும்ப வாழ்க்கை குறித்தே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு நாள் காலை வெயில் ஏறிய பிறகு நொச்சிக்குப்பம் போனோம். படகுகள் திரும்பி, மீன் விற்று, கூட்டம் கலைந்திருந்தது. ஆரோக்கியம் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து வைத்தான். எங்களுக்கு டீ வந்தது. ஸ்டெல்லா அப்பாவின் படகைச் சுற்றி வந்தாள். முகப்பில் அவள் பெயர் சிவப்பில் புதிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே அரசாங்கப் பதிவு எண்.

டீ குடித்து முடித்ததும் கேட்டாள். நான் அங்கே ஓட்டப் போகிறேன், அதற்கு முன்னால் ஒரு தரம் இதில் கூட்டிக்கொண்டு போ. ரொம்ப தூரம் வேண்டாம், அலையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினால் போதும்.

ஆரோக்கியம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அது பழக்கம் இல்லக்கா."

"போன வருசம் காலேஜ் பொண்ணுங்கள ஏத்திக்கினு போன. போட்டோ அனுப்பினியே."

"அது வேற. அவங்க வந்தாங்க, போய்ட்டாங்க. நீ வூட்டுப் பொண்ணு." அவன் தன் ஆட்கள் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். "நாளைக்கு மீனு படலேன்னு வை, எல்லாரும் உன் பேரத்தான் சொல்வாங்க. என்னால கேக்க முடியாது."

"என் பேரு ஏறலாம். நான் ஏறக் கூடாதா?"

அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. நான் இருபக்க வாதத்தையும் எடைபோட்டுப் பழகியவன். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. மீன் கிடைக்காத நாளின் பழி யார் மேலாவது விழத்தான் வேண்டும். அது அக்கா மேல் விழக் கூடாது என்று நினைக்கிறான். ஆனால் அந்த நியாயத்துக்கான விலையை அக்காதான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஸ்டெல்லாவின் அம்மா வீட்டில் வஞ்சிரம் குழம்பு. ஸ்டெல்லா வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டாள். ஆரோக்கியம் தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் அதைச் சாப்பிட்டாள். ஆட்டோவில் திரும்பும்போது சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டியதும் சொன்னாள். "மோட்டார் நான் முடிவு பண்றேன். நீங்க யாரும் சொல்லாதீங்க." எனக்கு மட்டும் என்றால் 'சொல்லாத' என்றிருப்பாள். பன்மையில் கிரெய்க்கும் ஆரோக்கியமும் அடக்கம்.

5

அவள் முடிவு செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கிரெய்க் வேகத்தை வைத்து எண் சொன்னார். ஆரோக்கியம் அலையை வைத்துச் சொன்னான். ஸ்டெல்லா திரும்பி வருவதை வைத்துப் பார்த்தாள். ஏரியின் அந்தக் கோடியில் இருக்கும்போது எதிர்க்காற்று கிளம்பினால், இருட்டுவதற்குள் வீடு வர வேண்டும். அதற்குப் பத்து போதாது. கூரையில் காற்று பிடித்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். தொண்ணூறு தேவையில்லை, யாரையும் கயிறு கட்டித் தண்ணீரில் இழுக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை. தெருக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, உங்களுடையது என்ன நீளம், என்ன மோட்டார், காற்றில் எப்படி என்று விசாரித்தாள். பல வருடங்களாக 'ஹாய்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கு அரைமணி நேரம் பேசினார்கள்.

மார்ச்சில் போய்ச் சொன்னாள். பதினெட்டு அடி, இரண்டு குழாய், அறுபது குதிரைத்திறன். கிரெய்க் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நான் மெத்தையின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பதிவு செய்யும் அலுவலகத்தில் வழக்கமான பெயர்த் தகராறு. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓர் இனிஷியலை வைத்துக்கொண்டு இவ்வளவு வருடங்களை ஓட்டியிருக்கிறேன். இந்த முறை எனக்கு வேலை இல்லை. உரிமையாளர் யார் என்று கவுண்டர் அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்க, ஸ்டெல்லா தன் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள். அதில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். ஸ்டெல்லா அந்தோணி என்று படகுக்குச் சான்று வந்தது.

பதிவு எண்ணை முகப்பின் இரு பக்கமும் தெளிவாக ஒட்ட வேண்டும் என்பது இங்கேயும் சட்டம். நான் அளவுகோல் வைத்து ஒட்டினேன். மருந்துக் காகிதத்தில் பிழை பார்ப்பவன் என்பதால் ஒரு எழுத்தைத் தலைகீழாக ஒட்டியதை நானே கண்டுபிடித்தேன்.

6

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை. மீரா முந்தின நாள் வந்திருந்தாள். படகைப் பார்க்க இல்லை, துணி துவைக்க. காலையில் கையில் காப்பிக் குவளையோடு துறைவரை வந்தாள். படகில் ஏற மாட்டேன், வீடியோ மட்டும் எடுக்கிறேன் என்றாள். நொச்சிக்குப்பத்தில் அப்போது மாலை. ஆரோக்கியம் வீடியோ அழைப்பில் வந்தான். அவனுக்குப் பின்னால் அதே ஆட்கள், இந்த முறை கொஞ்சம் அதிகம்.

போனது சுலபம். ஏரியை ஒரு சுற்று வந்தோம். ஸ்டெல்லா முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றே ஓட்டினாள். நான் பக்கத்தில் போனைப் பிடித்தபடி மணல்காரர்களுக்கு நேர்முக வர்ணனை செய்தேன். சோஃபா வீணாகக் கிடக்கிறதே, நீயாவது சாய்ந்துகொள்ளக் கூடாதா மாமா என்று கேட்டார்கள்.

திரும்பும்போது காற்று பக்கவாட்டில் கிளம்பியது. கிரெய்க் சொன்னதுபோலவே படகு பாய்மரக் கப்பல் ஆயிற்று. துறையை நெருங்கினோம், மூக்கு விலகிப் போனது. வட்டமடித்து மறுபடி வந்தோம். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரரின் படகை உரசப் பார்த்தோம். அவர் தன் வராந்தாவிலிருந்து எழுந்து நின்றார். போனில் நொச்சிக்குப்பம் மொத்தமும் பேசியது. ரிவர்ஸ் போடு என்றது ஒரு குரல். போடாதே, இழுத்துடும் என்றது இன்னொன்று. முன்னால் கயிறு போடு, வலது பக்கம் ஒடித்துத் திருப்பு, மாமாவைக் குதிக்கச் சொல். நான் எந்தப் பக்கம் குதிப்பது என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அந்தப் போன பாக்கெட்ல போடுப்பா. நீயும் குந்து."

உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. அவள் படகை மறுபடி வெளியே கொண்டுபோனாள். துறைக்கு நேராக வராமல், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளிப்போய் நின்றாள். மோட்டாரைக் குறைத்தாள். காற்றே படகைப் பக்கவாட்டாகத் துறையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. நடுவில் இரண்டு முறை மட்டும் லேசாக மோட்டாரைக் கொடுத்தாள். ரப்பர் தாங்கி துறையில் முட்டி அமுங்கியது. மீரா காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அம்மா எறிந்த கயிற்றைப் பிடித்துச் சுற்றினாள். சுற்றுவதற்கு யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தப்பாகத்தான் சுற்றினாள். ஸ்டெல்லா இறங்கி அதை அவிழ்த்து முடிச்சைச் சரியாகப் போட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

என் பையிலிருந்து மீராதான் போனை எடுத்தாள். வழக்கமாக மாமா அழைத்தால், தமிழில் திணற வேண்டியிருக்கும் என்று குளியலறைக்குள் போய்விடுகிறவள். "மாமா, கட்டியாச்சு. அம்மாவே கட்டுனாங்க. பாருங்க," என்று கயிற்றையும் முடிச்சையும் துறையையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மணலில் சத்தம் அடங்கியிருந்தது. ஆரோக்கியத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் மூத்தவர், அந்தோணி காலத்திலிருந்தே அந்தப் படகில் போகிறவர், "காத்த வெச்சே கட்டிச்சுடா உங்கக்கா," என்றார். ஆரோக்கியம் மற்றவர்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று காத்திருந்தான். ஒருவர் பீடி பற்றவைத்தார்.

அவன் திரும்பினான். "ஜனவரில வருவல்லக்கா?"

"வருவேன்."

"வந்தா செருப்ப மணல்லயே வுட்டுட்டு ஏறு. நம்ம போட்டுல செருப்பு ஆகாது."

மீரா போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

"ஓட்டக் குடுப்பியா?" என்றாள் ஸ்டெல்லா.

"மொதல்ல ஏறு," என்றான் தம்பி. "மத்தத அலையத் தாண்டிப் போய்ப் பேசிக்கலாம்."